மோரிஸ் காருக்கு டாட்சன் எஞ்சின்

பெட்டி என்ற பெண்ணின் விரல்கள் ஒரு மணி நேரத்தில் பத்தாயிரம் தடவை தட்டும். ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் கம்பெனியின் நான்காவது மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கெட்டி அட்டைகளில் துளை போட்டுக்கொண்டிருப்பார்கள். எந்தச் சரக்கு எந்தக் கப்பலில், எத்தனை டன், எந்தத் துறைமுகத்துக்கு என்பதெல்லாம் அந்தத் துளைகளில் இருக்கும். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு 1967இல் அந்த வேலைக்குப் போனவள் பெட்டி. இரண்டே மாதத்தில் விரல்கள் தாமாக ஓடப் பழகிவிட்டன. அதற்குப் பிறகு மனசுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அது பாட்டுக்கு எங்கேயாவது போய்விட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வரும்.

பெரும்பாலும் அது ஏதாவது ஒரு சாலையில்தான் போகும். ஏன் சாலை என்று அவளுக்கே தெரியாது. அவள் வீட்டில் யாருக்கும் கார் கிடையாது. ஓவன் ரோட்டில் வளர்ந்தவள். தேக்கா மார்க்கெட்டுக்கும் லூர்து மாதா கோயிலுக்கும் நடந்தே போய் வந்தவள். ஆனாலும் அட்டைகளின் சத்தத்துக்கு நடுவே ஒரு சாலை அவள் எதிரே விரிந்து, மெல்ல வளைந்து, மரங்களுக்குள் நுழைந்து போகும். அவள் ஓட்டுவது மாதிரியும் இருக்காது, யாரோ ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரியும் இருக்காது. சாலை மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

1972இல் அவளுக்கும் லாசரஸுக்கும் கல்யாணம் ஆனது. லாசரஸ் ஜாலான் புசார் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அதிகம் பேசாதவர். ஒரு கார் தெருமுனையில் திரும்பும்போதே அதன் சத்தத்தைக் கேட்டு, எத்தனையாவது சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று வொர்க்‌ஷாப்பில் பேசிக்கொள்வார்கள். அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர், அழகப்பன். துறைமுகத்தில் கிளார்க். வேலை என்னவோ கிளார்க் வேலை, ஆனால் வாயைத் திறந்தால் கார்தான். அழகப்பனிடம் ஒரு பழைய மோரிஸ் மைனர் இருந்தது. தாத்தா காலத்துத் தொப்பி மாதிரி உருண்டையான கார். சாதுவானது. மேட்டில் ஏறும்போது பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடிக்கும்.

அந்தக் காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டர் சமயத்தில், அப்பர் தாம்சன் ரோட்டை அடைத்துக் கார்ப் பந்தயம் நடத்துவார்கள். பெரிய பந்தயத்துக்கு முன்னால் சாதாரண கார்களுக்கும் சின்னப் பந்தயங்கள் உண்டு. 1973இல் அழகப்பன் அதில் பெயர் கொடுத்தார். பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு டாட்சன் காரின் எஞ்சின் வொர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தது. மோரிஸின் எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு அதை மாட்டலாம் என்றார் லாசரஸ். மூன்று வாரம், தினமும் சாயங்காலம், இரண்டு பேரும் அதிலேயே கிடந்தார்கள். பெட்டி சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒருநாள் அவள் போனபோது எஞ்சின் உயிர் பிடித்து முதன்முதலாக உறுமியது. லாசரஸ் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி, பிறந்த குழந்தையின் அழுகையைக் கேட்பவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனிக்கிழமை அன்று பயிற்சி ஓட்டம். நேர்ச்சாலையை ஒட்டிய புல் மேட்டில், சாப்பாட்டு அடுக்கோடு பெட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் ஆபீசிலிருந்து எடுத்து வந்த வெற்று அட்டை ஒன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாள். மோரிஸ் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சத்தம் வந்தது. அந்தச் சாது காரிலிருந்து அப்படியொரு சத்தமா என்று ஜனங்கள் எழுந்து நின்று சிரித்தார்கள், கை தட்டினார்கள். ஒரு கணம்தான். தொப்பி காற்றில் பறப்பது போல அது அவளைக் கடந்து போயிற்று. இரண்டாவது சுற்றிலும் வந்தது. மூன்றாவது சுற்றில் வரவில்லை.

நேர்ச்சாலை முடிகிற இடத்தில், கொண்டை ஊசி போல மடங்குகிற வளைவில், மோரிஸ் திரும்பாமல் நேரே போய் வைக்கோல் கட்டுகளைத் தாண்டி மரத்தில் மோதியிருந்தது. அழகப்பனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு மாதம். லாசரஸ் வீட்டில் சொன்னது ஒரே வாக்கியம்: “வளைவுல விட்டுட்டான்.” அடுத்த வருஷத்திலிருந்து பந்தயமே நின்றுபோயிற்று. பந்தயம் நின்ற வருத்தத்தில்தான் அவர் இப்படி ஒடுங்கிவிட்டார் என்று பெட்டி நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு லாசரஸ் எந்தக் காருக்கும் எஞ்சின் மாற்றியதில்லை. யாராவது கேட்டால் வேறு ஆளைக் கை காட்டிவிடுவார். அழகப்பன் குணமாகி, பிடோக்கில் வீடு வாங்கிப் போனார். அவர் மனைவி சிவகாமசுந்தரி தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவாள். பெட்டி கிறிஸ்துமஸுக்கு ஒன்று அனுப்புவாள். ஆண்கள் இருவரும் சந்திக்கவே இல்லை.

வருஷங்கள் போயின. 1979இல் கிளமெண்டியில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. பிள்ளைகள் இல்லை. பெட்டி தினமும் இரட்டை மாடி பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கண்ணாடிக்கு வெளியே சாலை தன் மடியில் வந்து விழுவது போல இருக்கும். எத்தனையோ தடவை இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

1984இல் ஆபீசில் துளை போடும் இயந்திரங்களையெல்லாம் எடுத்துவிட்டு, திரை வைத்த இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். பன்னிரண்டு பேரில் ஐந்து பேரை மட்டும் வகுப்புக்கு அனுப்பினார்கள். அதில் பெட்டியும் ஒருத்தி. கம்ப்யூட்டருக்கு இப்படிச் செய், அப்படிச் செய் என்று நாமே வரிவரியாக எழுதிக் கொடுக்கலாம் என்பதை அந்த வகுப்பில்தான் தெரிந்துகொண்டாள். பதினேழு வருஷமாக அதற்குத் தீனி போட்டவளுக்கு, அதனிடம் பேசவும் முடியும் என்பது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வருஷம் சிம் லிம் டவர் கடைத்தொகுதியில், யாரோ வைத்திருந்து விற்ற ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரை வாங்கி வந்தாள். டெலிவிஷனோடு இணைத்துக்கொள்ளலாம். எழுதியதைக் கேசட்டில் பதிந்து வைக்கலாம்.

“பெட்டிக்கு ஒரு பொட்டியா?” என்று லாசரஸ் சிரித்தார். “எதுக்கு லா இது?”

“சும்மாதாங்க. எனக்கும் ஒண்ணு வேணும் போல இருந்துச்சு.”

கூடவே ஒரு பழைய பத்திரிகையும் வந்திருந்தது. அதில் ஆறு பக்கத்துக்கு ஒரு கார்ப் பந்தய விளையாட்டின் வரிகளை அச்சடித்திருந்தார்கள். அப்படியே தட்டினால் விளையாட்டு கிடைத்துவிடும். ஒரு புள்ளி தவறினாலும் ஓடாது. பெட்டி இரண்டு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, ஒரு பிழை இல்லாமல் தட்டி முடித்தாள். பிறகு ஓட விட்டாள்.

டெலிவிஷன் ஒரு கணம் கறுத்தது. மேலிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள் இறங்கி வந்தன. நடுவே சின்னதாக ஒரு கார். கோடுகள் இடப்பக்கம் வளைந்தன, வலப்பக்கம் வளைந்தன, நேராயின, மறுபடி வளைந்தன. மரம் இல்லை, வானம் இல்லை. ஆனால் பெட்டிக்கு அந்தச் சாலையைத் தெரியும். இத்தனை வருஷமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சாலை வெளியே வந்து ஹாலில் நின்றது போல இருந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை.

விளையாட்டின் கடைசி வரிகளில் கார்களின் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு காருக்கும் ஒரு பெயர், எஞ்சினின் சக்திக்கு ஒரு எண், எடைக்கு ஒரு எண். அவ்வளவுதான். வாயில் நுழையாத ஒரு பெயரை அழித்துவிட்டு ‘மோரிஸ்’ என்று தட்டினாள். சக்தி நாற்பத்தெட்டு. ஓட விட்டபோது அது அசல் மோரிஸ் மாதிரியே அசைந்து போயிற்று. பெட்டிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. நாற்பத்தெட்டை அழித்து, அறுபத்தெட்டு என்று போட்டாள். டாட்சன் எஞ்சின். லாசரஸுக்கு மூன்று வாரம் பிடித்த வேலை அவளுக்கு மூன்று வினாடியில் முடிந்தது.

சாலையையும் மாற்றினாள். தெரு வழிகாட்டிப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அப்பர் தாம்சன் ரோட்டை எண்களாக எழுதினாள். நீளமான நேர்ச்சாலை, அதன் முடிவில் கொண்டை ஊசி, அப்புறம் பாம்பு நெளிகிற மாதிரி வளைவுகள். இதற்கு ஒரு மாதம் ஆயிற்று. ஆபீசில் விரல்கள் தட்டிக்கொண்டிருக்கும், மனசு வளைவுகளின் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட்டபின், லாசரஸ் சாய்வு நாற்காலியில் கண் மூடியிருந்தார். பெட்டி மோரிஸை ஓட்டிக்கொண்டிருந்தாள். நேர்ச்சாலையில் அது பறந்தது. வளைவு வந்தது, பிரேக் அழுத்தினாள், கார் நிற்காமல் கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று. இன்னொரு தடவை. மறுபடியும் வெளியே.

“என்னங்க இது, புது எஞ்சின் போட்டதுலேருந்து இந்த மோரிஸ் அந்த வளைவுல நிக்கவே மாட்டேங்குது” என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்.

திரும்பிப் பார்த்தாள். லாசரஸ் எழுந்து உட்கார்ந்திருந்தார். டெலிவிஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த வளைவு?”

“அதாங்க, தாம்சன் ரோட்டு வளைவு. நான்தான் போட்டேன்.”

“பிரேக் மாத்துனியா?”

“பிரேக் எல்லாக் காருக்கும் ஒரே நம்பர்தான். எஞ்சின மட்டும்தான் மாத்துனேன்.”

லாசரஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நானும் அதேதான் செஞ்சேன்” என்றார். “எஞ்சின மட்டும் மாத்துனேன். பிரேக் பழைய பிரேக். மாத்தணும்னு தெரியும் பெட்டி. பந்தயத்துக்குள்ள பாத்துக்கலாம்னு விட்டேன். அவன் சனிக்கிழமை பயிற்சியிலயே ஓட்டணும்னான். சரின்னுட்டேன்.”

பன்னிரண்டு வருஷமாகக் கூடவே வாழ்ந்தும் அவளுக்குத் தெரியாத விஷயம். கார் இன்னும் திரையில், கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. பெட்டி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

அடுத்த வாரம் அவள் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாக பிரேக் எண் வைத்தாள். “டாட்சனோட டிஸ்க் பிரேக்கையும் சேத்துப் போட்டிருந்தா எவ்வளவு இருக்கும்?” என்று கேட்டாள். லாசரஸ் யோசித்து ஒரு எண் சொன்னார். மோரிஸ் அந்த வளைவில் அழகாக மடங்கித் திரும்பியது. பெட்டி சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தாள்.

“இங்க அது ஒரு நம்பர்” என்றார் லாசரஸ். “அங்க அது ஒருத்தன் கால்.” எழுந்து உள்ளே போய்விட்டார்.

பெட்டி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வாழ்த்து அட்டைகளைத் தேடி எடுத்து, அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். சிவகாமசுந்தரிதான் எடுத்தாள். “ஐயோ அக்கா, அவர் எத்தன தடவ சொல்லியிருக்காரு, லாசர் ஏன் வர மாட்டேங்குறான்னு. ஞாயித்துக்கெழம அனுப்பி வைக்கிறேன்” என்றாள்.

அழகப்பன் பிடோக்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். தலை நரைத்திருந்தது. நடையில் லேசான சாய்வு. கையில் ஒரு பை நிறைய டூரியான் பழம். வாசலிலேயே நாற்றம் அடித்ததால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். லாசரஸ் “வா அழகு” என்றதோடு நிறுத்திக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டார்.

பெட்டி நேரடியாக விஷயத்துக்கு வந்தாள். “அண்ணே, உங்களுக்கு ஒண்ணு காட்டணும். வாங்க, உக்காருங்க. இது இடது, இது வலது. இந்தக் கீ பிரேக்.”

“என்ன கார் தங்கச்சி இது?”

“உங்க மோரிஸ்தான். டாட்சன் எஞ்சின்.”

அழகப்பன் முதலில் சிரித்தார். பிறகு கார் கிளம்பியதும் சிரிப்பு நின்றது. முதல் சுற்றில் தடுமாறினார். இரண்டாவது சுற்றில் கை பழகிவிட்டது. நேர்ச்சாலை வந்தது. எண்கள் ஏறிக்கொண்டே போயின. அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்தது. வளைவு மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. அவர் எதையும் அழுத்தவில்லை. மோரிஸ் முழு வேகத்தில் நேரே வெளியே போயிற்று.

“அண்ணே, பிரேக்! இந்தக் கீதான்னு சொன்னேனே.”

“தெரியுது லா” என்றார் அழகப்பன். கையைக் கீயிலிருந்து எடுக்கவில்லை. “மறந்துட்டேன். அன்னைக்கும் இதேதான் தங்கச்சி.”

சமையலறை வாசலில் தண்ணீர்க் கிளாசோடு லாசரஸ் நின்றுகொண்டிருந்தார். “அன்னைக்கும்னா?”

“மூணாவது ரவுண்டுல. அந்த எஞ்சின் நாலாவது கியர்ல ஒரு சத்தம் போடும் பாரு, பாடுற மாதிரி. கேட்டுக்கிட்டே போனேன். வளைவு வருதுன்னு தெரியுது. கால் எடுக்க மனசு வரல. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு... முடிஞ்சிருச்சு.”

“பிரேக் பிடிக்கலையா?”

“நான் பிரேக்க தொடவே இல்ல லாசர்.”

லாசரஸ் கிளாசை மேசையில் வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் சிந்தியது. “பன்னெண்டு வருஷம்டா! பன்னெண்டு வருஷமா நான் மாத்தாத பிரேக்காலதான் உன் கால் போச்சுன்னு... ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?”

“நீ எங்க கேட்ட? ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவ வந்த. ஆரஞ்சுப் பழத்த வெச்சிட்டு ஓடிப்போயிட்ட. அதோட ஆளையே காணோம். ஒன் எஞ்சின ஒடச்சிட்டேன்னு கோவம்னு நான் நெனச்சேன்.”

“எஞ்சின் யாருக்குடா வேணும்!”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிக்குப் பயமாகக் கூட இருந்தது. முதலில் சிரித்தது அழகப்பன்தான். லாசரஸ் உடனே சிரித்துவிடவில்லை. டெலிவிஷன் பக்கம் விரலை நீட்டி, “பெட்டி, பழைய பிரேக் நம்பரப் போடு” என்றார்.

போட்டாள்.

“இப்ப நீ ஓட்டு. வளைவுக்கு ரொம்ப முன்னாடியே புடி.”

பெட்டி ஓட்டினாள். நேர்ச்சாலையில் பாதியிலேயே பிரேக்கை அழுத்தினாள். மோரிஸ் முனகிக்கொண்டு வேகம் குறைந்து, கோட்டை உரசினாற்போல வளைந்து, திரும்பிவிட்டது. கார் பாம்பு வளைவுகளில் நெளிந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தது. பெட்டி அதை நிறுத்தவில்லை. சாலை வர வர, அவள் போய்க்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இரண்டு ஆண்களும் பந்தயம் பார்க்க வந்தவர்கள் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“எவனோ பத்திரிகையில போட்ட கணக்கு” என்றார் லாசரஸ் கடைசியில். “இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நெசத்துல பழைய பிரேக் சூடாயிருக்கும், புடிச்சாலும் புடிக்காது.” ஆனால் அவர் குரலில் ஏதோ ஒன்று இளகியிருந்தது. அன்று சாப்பிடும்போது அழகப்பனிடம் பிளக், கார்புரேட்டர், பழைய வொர்க்‌ஷாப் ஆட்கள் என்று நிறுத்தாமல் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அத்தனை வார்த்தைகள் பேசிப் பெட்டி கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகப்பன் வருவார், சில சமயம் சிவகாமசுந்தரியும் வருவாள். ஆண்கள் எந்தக் காரில் எந்த எஞ்சினை வைக்கலாம் என்று சண்டை போடுவார்கள். பெட்டி எண்களை மாற்றுவாள். பெரிய எஞ்சின் வைத்தால் மூக்குப் பக்கம் கனத்துப் போகும், திருப்புவது கஷ்டம் என்று லாசரஸ் சொன்னதால், அதற்கும் ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். டயருக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. ஆறு பக்கம் இருந்தது பதினாலு பக்கம் ஆயிற்று. ஆபீசில் அவள் சும்மா இருக்கும் நேரத்தில் எதையோ எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்த மேலதிகாரி, என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளைக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் பிரிவுக்கு மாற்றினார். அங்கே ஜன்னல் இருந்தது. கப்பல்கள் தெரிந்தன.

1987இல் ஒரு சமூக மன்றத்தின் கம்ப்யூட்டர் குழு, தன் செய்திமடலில் போட, உறுப்பினர்கள் எழுதிய நிரல்களைக் கேட்டது. பெட்டி பதினாலு பக்கத்தையும் அனுப்பினாள். போட்டார்கள். இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மார்சிலிங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பரீதா என்று ஒரு பெண். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறாராம். பதினாலு பக்கத்தையும் ஒற்றை விரலால் தட்டி முடிக்க ஐந்து வாரம் ஆனதாம். ‘உங்க மோரிஸ்ல நான் பஸ் எஞ்சின் வெச்சிட்டேன்’ என்று எழுதியிருந்தாள். ‘எந்த வளைவிலும் திரும்ப மாட்டேங்குது. அதனால வளைவையெல்லாம் எடுத்துட்டேன். இப்ப நல்லாப் போகுது. இது தப்பா?’

பெட்டி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லாசரஸுக்கு அதைப் படித்துக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

“பஸ் எஞ்சின் வெச்சா பானெட் மூடாதே” என்றார். “எந்த பஸ்ஸுன்னு கேளு. லேலண்டா, பென்ஸான்னு கேட்டு எழுது.”

பெட்டி காகிதத்தை எடுத்து, ‘அன்புள்ள பரீதா’ என்று தொடங்கினாள்.